சிம்பான் என்று ஒரு பொத்தான்

நியாலாஸ், மலாக்கா,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பு மகள் ராகினிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனது நன்றாக இருக்கிறது என்று மட்டும் இந்த முறை எழுதக் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்த அயர்லாந்துக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஆத்தாளை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன பேப்பரும் பேனாவும் என்று நீ முகத்தைச் சுளிப்பாய். போனில் உன்னிடம் நான் தோற்றுவிடுகிறேனம்மா. மூன்று தடவை பேசினோம், மூன்று தடவையும் நீ அழுதாய், நான் சரி சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகு எதற்குச் சரி சொன்னோம் என்று எனக்கே என் மேல் எரிச்சலாக வருகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன், பொறுமையாகக் கடைசி வரை படி.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முட்டி வலி பழையபடிதான், கிளினிக்கில் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறாள், மாத்திரையை மட்டும் எனக்குத் தெரியாமல் நிறுத்தியிருக்கிறாள், கேட்டால் வயிற்றைப் புரட்டுகிறதாம். நீ ஒரு அதட்டு அதட்டு, என் பேச்சு அவளிடம் எடுபடாது. இங்கே தினமும் சாயங்காலம் மழை, பின்பக்கத் தகரம் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டுப் புவனேந்திரன் கோழி வளர்க்கிறேன் என்று ஆரம்பித்து என் கத்திரிச் செடி நாலையும் அதுகளுக்குத் தின்னக் கொடுத்துவிட்டான், சண்டை போடக்கூட இப்போது தெம்பில்லை. உன் சித்தப்பா பெரியதம்பி போய் இன்றோடு பதினோரு நாள். வருகிற ஞாயிறு பதினாறாம் நாள் காரியம். சித்தி ஒரு வாய் சோற்றுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். தினேஷ்வரன் ஜொகூர் பாரு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அம்மா பக்கத்திலேயே இருக்கிறான், தாடியும் அவனுமாய்ப் பார்க்கவே சகிக்கவில்லை, அப்படியே அவன் அப்பன் சின்ன வயதில் இருந்த முகம்.

நடந்தது உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முதலிலிருந்து எழுதுகிறேன். போனில் பேசும்போது நாம் ஆளுக்கொரு இடத்தில் ஆரம்பித்து ஆளுக்கொரு இடத்தில் முடிக்கிறோம், ஒன்றும் விளங்க மாட்டேன் என்கிறது. பெரியதம்பி இரண்டு வருடமாக வாரம் மூன்று நாள் மலாக்கா டவுனுக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்தான். இருட்டோடு கிளம்ப வேண்டும், நாலு மணி நேரம் மெஷினில் படுக்க வேண்டும், திரும்பி வந்தால் சோறுகூட இறங்காது. ஏற்றிப் போய்க்கொண்டிருந்த வேன்காரர் இந்த வருடத் தொடக்கத்தில் வேனை விற்றுவிட்டார். அதிலிருந்து ஒரு நாள் பஸ், ஒரு நாள் தெரிந்தவர் கார், சில நாள் என் மோட்டாரின் பின்னால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான். அந்த நேரத்தில்தான் ஜாசினில் ஒரு தர்ம ஸ்தாபனத்தார் புது டயாலிசிஸ் சென்டர் திறக்கிறார்கள், பன்னிரண்டு பேருக்கு இடம், அவர்களே வீட்டு வாசலுக்கு வேன் அனுப்புவார்கள் என்று செய்தி வந்தது. விண்ணப்பப் பாரத்தை இன்டர்நெட்டில்தான் போட வேண்டும். தினேஷ் தன் போனிலேயே போட்டுவிடுகிறேன் என்றான். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. கிராணி அண்ணன் இருக்கும்போது நீ எதற்குடா என்று அவனை அடக்கிவிட்டான். அதைக் கேட்டு எனக்கு உச்சி குளிர்ந்து போனது, உன்னிடம் மறைப்பானேன்.

தோட்டத்து ஆபீஸில் முப்பத்தோரு வருடம் எழுத்து வேலை, கிராணி வேலை பார்த்தவன் நான். பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடச் சேர்க்கை, ஐசி அடையாள அட்டை தொலைந்த ரிப்போர்ட், எல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளை இடித்து, சனங்கள் இங்கேயும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் சிதறிப் போன பிறகும், கிராணி கை பட்டால் நடந்துவிடும் என்று பாரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் பாரம் போடுகிற கம்ப்யூட்டரும் தோட்டத்து ஆபீஸுடையதுதான். குப்பை லாரியில் ஏற்றப் போனார்கள், நான் கேட்டு வாங்கி வந்தேன். புதிது வாங்கித் தருகிறேன் என்று நீ எத்தனை தடவை சொன்னாய். நான்தான் மாட்டேன் என்றேன். கோயில் நோட்டீஸ் அடிக்கிற பழைய தமிழ் எழுத்து அதில்தான் ஓடும், புதிய மெஷினில் போட்டால் கட்டம் கட்டமாக வரும். அதுவும் ஒரு காரணம், பிடிவாதம் இன்னொரு காரணம்.

பெரிய கம்பெனி பிரௌசர்கள் எல்லாம் அந்தப் பழைய விண்டோஸைக் கைகழுவிவிட்ட பிறகு, நீ போன தீபாவளிக்கு வந்தபோது வேறொன்றை இறக்கி வைத்தாய். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற சில பேர், யாரும் சம்பளம் கொடுக்காமல், தங்கள் வேலை போக மிச்ச நேரத்தில், புதிய பிரௌசரை எடுத்துப் பழைய மெஷினில் ஓடுகிற மாதிரி வெட்டித் தைத்துக் கொடுக்கிறார்கள் என்று சொன்னாய். எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போனது. திருவிழாவுக்கு முன்னால் நம் ஆட்கள் வேலை விட்டு வந்து பந்தல் போடுவார்களே, அந்த மாதிரி ஆட்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் முதல் பக்கத்தில் எழுதியிருந்ததையும் நீ எனக்கு வாசித்துக் காட்டினாய். சில பக்கங்கள் முழுதாகத் தெரியாமல் போகலாம், முக்கியமான காரியம் என்றால் வேறொரு மெஷினிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்று. நான் தலையாட்டினேன். என் வாழ்நாளில் எத்தனை பாரத்தின் அடியில் இந்த மாதிரி சின்ன எழுத்தைப் பார்த்தவன், அது மற்றவர்களுக்கு எழுதியது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜாசின் சென்டரின் பக்கம் முதலில் என்னை உள்ளே விடவில்லை. உங்கள் பிரௌசர் பழையது, மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று மலாயில் எழுதி வாசலிலேயே நிறுத்திவிட்டது. எனக்குக் கோபம். உனக்குப் போன் போட்டுக் கத்தினேன். நீ அங்கே இருந்தபடியே இந்தக் கம்ப்யூட்டருக்குள் வந்து எதையோ மாற்றினாய், இனிமேல் இது தன்னைப் புதியது என்று சொல்லிக்கொள்ளும், அவர்கள் விட்டுவிடுவார்கள் என்றாய். விட்டுவிட்டார்கள். இதைத்தான் நீ நாலு நாளாகப் பிடித்துக்கொண்டு அழுகிறாய், நான் அதை மாற்றாமல் இருந்திருந்தால் நீங்கள் தினேஷ் போனுக்குப் போயிருப்பீர்கள் என்று. கேட்டவன் நான். கத்தியவன் நான். கேட்டதைச் செய்தவளைக் குற்றம் சொல்ல நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

பாரத்தை நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நிரப்பினேன். பெரியதம்பி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டாக்டர் கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். கடைசியில் 'சிம்பான்' என்று ஒரு பொத்தான், அதற்குக் கீழே வெள்ளையாக இருந்தது. பக்கம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். அழுத்தினேன். 'வெற்றிகரமாக' என்று தொடங்கும் ஒரு மலாய் வரி பச்சையில் வந்தது. அதைப் பிரிண்ட் எடுத்துத் தேதி போட்டு வைத்தேன். சிம்பான் என்றால் வைத்துக்கொள் என்று அர்த்தம், அனுப்பு என்று அர்த்தமில்லை. எனக்கு மலாய் தெரியாதா என்ன? ஆனால் நம் ஆபீஸில் அந்தச் சொல்லுக்கு இருந்த அர்த்தம் வேறம்மா. பாரத்தை எழுதி, மேனேஜர் கையெழுத்து வாங்கி, சாப்பு முத்திரை குத்தி, மேசை ஓரத்தில் வைத்து, "வீரமுத்து, சிம்பான்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், ஆபீஸ் பியூன் வீரமுத்து வந்து எடுத்துப் போவான். ஒன்றைத் தபாலில் சேர்ப்பான், ஒன்றைக் கோப்பில் போடுவான். அனுப்புவது ஒரு நாளும் என் வேலையாக இருந்ததில்லை. முப்பத்தோரு வருடம் அந்தச் சொல்லைச் சொன்னதும் காரியம் முடிந்திருக்கிறது. அன்றைக்கும் முடிந்தது என்று எழுந்து கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். பெரியதம்பியும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

அப்புறம் எட்டு வாரம். இடையில் ஒரு தடவைகூட நான் அவர்களுக்குப் போன் அடித்துக் கேட்கவில்லை. பாரம் போட்டுவிட்டு ஆபீஸைத் தொந்தரவு செய்கிறவன் பாரம் போடத் தெரியாதவன் என்பது என் கொள்கை. சித்தப்பா மட்டும் சனிக்கிழமைகளில் டவுனுக்குப் போவதை நிறுத்தினான். இன்னும் கொஞ்ச நாளில் வேன் வாசலுக்கே வரப்போகிறது, இந்த அலைச்சல் எதற்கு என்றான். டாக்டர் திட்டினார். நானும் திட்டினேன், ஆனால் ஒப்புக்குத்தான் திட்டினேன், ஏனென்றால் வேன் வரும் என்று அவனைவிட எனக்கு நம்பிக்கை அதிகம். பிறகு இடம் கிடைத்தவர்களின் பட்டியல் வந்தது. அவன் பெயர் இல்லை. அதற்கப்புறம் மனம் விட்டுப்போய் வாரம் ஒரு நாள் டவுனுக்குப் போனால் அதிகம். கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, அந்தச் சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவன் தலை என் தோளில்தான் இருந்தது.

சாவு வீட்டில் கூட்டம் நிறைந்திருக்கும்போது நான் எழுந்து நின்று சொன்னேன், பாரத்தை நான் போட்டேன், இதோ அத்தாட்சி, சென்டரில்தான் தொலைத்துவிட்டார்கள் என்று. அந்தப் பிரிண்டையும் எடுத்துக் காட்டினேன். கிராணி சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்? அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தரும் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. தினேஷ் அதைப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டான். அங்கே கவுண்டரில் திலகா என்று ஒரு பெண், நம்ம பிள்ளைதான், சுங்கை ரம்பாயில் இருந்து வேலைக்கு வருகிறது. பட்டியல் வந்ததும் தினேஷ் விசாரித்தபோது அந்தப் பாரம் வரவே இல்லை என்று சொன்னது அதுதான். அதனால் அதன் பெயரையும் சேர்த்துப் போட்டுவிட்டான். ஒரே நாளில் ஊரெல்லாம் பரவி, யார் யாரோ அதன் படத்தைத் தேடி எடுத்துப் போட்டு, எழுதக் கூசுகிற வார்த்தையெல்லாம் எழுதியிருக்கிறார்கள். சென்டரில் அதை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். அப்பா இல்லாத பிள்ளையாம், வீட்டில் அது ஒன்றின் சம்பளம்தானாம்.

ஏழாம் நாள் தினேஷ் புகார்க் கடிதத்துக்குப் பாரத்தின் முழு நகல் வேண்டும் என்று கேட்டான். கம்ப்யூட்டரைத் திறந்தேன். பக்கத்தின் மேல் மூலையில் 'டிராஃப்' என்று சிறிதாக இருந்தது. அனுப்பாமல் வைத்த வரைவு என்று அர்த்தம். அம்மாவின் போனில் அதே பக்கத்தைத் திறந்தேன். சிம்பானுக்குக் கீழே, நான் வெள்ளையாகப் பார்த்த இடத்தில், 'ஹந்தார்' என்று பட்டையாக ஒரு பச்சைப் பொத்தான் இருக்கிறது. அனுப்பு என்று. எட்டு வாரமும் அது அங்கே இருந்திருக்கிறது. அன்றைக்குத்தான் உனக்கு முதல் போன் போட்டேன். நீ அழுதாய், அப்புறம் சொன்னாய்: "ப்பா, நான் உள்ள வந்து அந்த டிராஃப்ட அழிச்சிடறேன். யாருக்கும் தெரியாது. சித்தி தாங்க மாட்டாங்கப்பா. அந்தப் பொண்ணு வேற வேல தேடிக்கும்லா." நான் போனை வைத்துவிட்டுப் போய் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டேன். பிடுங்கியது எதற்காக என்று நீ தப்பாக நினைத்திருப்பாய். உன் மேல் கோபத்தில் இல்லை. இன்னொரு நாள் நீ கேட்டால் நானே சரி என்று சொல்லிவிடுவேன் என்ற பயத்தில்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். போனில் மூன்று தடவையும் இதைச் சொல்லாமல்தான் வைத்தேன். பட்டியலில் பெயர் இல்லை என்று தெரிந்து தினேஷ் பேசி முடித்த பிறகு நானும் சென்டருக்குப் போன் செய்தேன். எடுத்தது அந்தத் திலகாதான். மரியாதையாகத்தான் பேசியது. "அங்கிள், உங்க மேல தப்பு சொல்லல, சிஸ்டம்ல வரல. ரெண்டு இடம் இன்னும் ஆள் வராம இருக்கு. வேற போன்ல இருந்து மறுபடி ஒரு தடவ அனுப்பிடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து பாரம் போடுகிறவன் நான், என்னை மறுபடி போடச் சொல்கிறாயா, முதலில் உன் மேசையில் தேடு என்றேன். அது இன்னொரு தடவையும் கேட்டது. நான் வைத்துவிட்டேன். தினேஷிடமோ பெரியதம்பியிடமோ இதைச் சொல்லவும் இல்லை. அவன் அதற்கப்புறம் பதினெட்டு நாள் உயிரோடு இருந்தான்.

ஆகவே பிரௌசர் பிரௌசர் என்று நீ உன் தலையில் அடித்துக்கொள்ளாதே. பொத்தான் தெரியாதது ஒரு தப்பு, அதை யார் தலையிலாவது கட்டலாம், கட்டாமலும் விடலாம். மறுபடி அனுப்புங்கள் என்று ஒரு பிள்ளை கெஞ்சியபோது மாட்டேன் என்றது என் வாய். நாளைக் காலை சித்தி வீட்டுக்குப் போய்ச் சொல்லப் போகிறேன். அம்மாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள், நானும் வருகிறேன் என்று சொன்னாள். இதை இங்கே நிறுத்துகிறேன். போய் வந்து எழுதிவிட்டுத்தான் தபாலில் போடுவேன்.

வெள்ளிக்கிழமை.

போய் வந்துவிட்டேன். எல்லாவற்றையும் வரிசையாக எழுதத் தெம்பில்லை, நினைவில் நிற்பதை எழுதுகிறேன். சித்தி கூடத்தில் பாயில் உட்கார்ந்து சித்தப்பா டயாலிசிஸுக்குக் கொண்டு போகிற பையைப் பிரித்து வைத்திருந்தாள். அந்த மெஷின் அறை குளிரும் என்று ஒரு போர்வை, ஒரு ஜோடி காலுறை, ஒரு பிஸ்கட் டப்பா. நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன், பொத்தானைச் சொன்னேன், போனில் அந்தப் பெண் கேட்டதையும் நான் மறுத்ததையும் சொன்னேன். சாவு வீட்டில் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, ஆனால் நான் சொன்னது பொய்தான் என்றேன். தினேஷ் எழுந்து பின்பக்கம் போய்விட்டான். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். சித்தி அழவில்லை. காலுறையை ஒன்றுக்குள் ஒன்று விட்டுச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "லிஸ்ட் வந்தன்னைக்கு அவரு கேட்டாரு மாமா. பாரம் போச்சானு அண்ணன்கிட்ட ஒரு தடவ கேட்டுப் பாக்கவானு. நாந்தான் வேணாம்னேன். கேட்டா உங்கள நம்பலனு ஆயிடும்னேன்."

அவன் கேட்டிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன், அது நிச்சயம். ஆனால் அவன் கேட்டு நான் கோபத்தோடாவது ஒரு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருப்பேன் அம்மா. கிளம்பும்போது சித்தி வாசல் வரை வந்தாள். "ஞாயித்துக்கெழம அக்காவ மட்டும் அனுப்புங்க" என்றாள். சத்தமில்லாமல்தான் சொன்னாள். நான் சரி என்றேன். அறுபத்தைந்து வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு நடக்கிற காரியத்தில் நான் இல்லை. அது நியாயம்தான். நீ போன் செய்து சித்தியிடம் எனக்காகப் பேசிப் பார்க்கிறேன் என்று கிளம்பாதே, இந்த ஒன்றில் மட்டும் என் பேச்சைக் கேள். அவள் எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், கடைசி வரை அப்படியே இருந்தாலும் இருக்கட்டும்.

நேற்று ஜாசின் சென்டருக்குப் போனேன். நடந்ததை இரண்டு பக்கம் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, டிராஃப் என்று தெரிகிற பக்கத்தையும் சேர்த்துக் கொண்டு போனேன். அங்கே பொறுப்பில் இருக்கிற அம்மா அதைப் படித்துவிட்டு, இதையும் எங்கள் வெப்சைட் வழியாகப் போடுங்கள், பேப்பர் வாங்குவதில்லை என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், வாங்கிக்கொண்டு சாப்பு குத்தித் தந்தால்தான் எழுந்திருப்பேன் என்றேன். ஒரு மணி நேரம் கழித்துக் குத்தித் தந்தார். திலகாவைத் திரும்ப எடுப்பதைப் பற்றிக் கமிட்டி அடுத்த மாதம் கூடும்போதுதான் பேசுவார்களாம், உறுதி சொல்ல முடியாதாம். தினேஷ் தான் போட்டதை எடுத்துவிட்டான். எடுத்தானே தவிர, தப்பாகப் போட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுதவில்லை, மற்றவர்கள் பகிர்ந்ததெல்லாம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. அவனைக் கண்டிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நானே ஒன்று எழுதிக் கோயில் பலகையில் ஒட்டியிருக்கிறேன், நியாலாஸ் சனங்களாவது படிக்கட்டும். ஒருத்தர் படித்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்து, என் கையில் கொடுத்திருந்த மகன் பாரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதுவும் நியாயம்தான்.

அங்கிருந்து சுங்கை ரம்பாய்க்குப் போனேன். அந்தப் பிள்ளையின் வீட்டைக் கண்டுபிடிக்கவே நாலு பேரைக் கேட்க வேண்டியிருந்தது, எதற்குக் கேட்கிறீர்கள் என்று எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். அதன் அம்மா கேட்டைத் திறக்க மாட்டேன் என்றார், திட்ட வந்த ஆள் என்று நினைத்திருக்கிறார். கேட்டுக்கு வெளியே நின்றபடியே யார் என்று சொல்லி, சாப்பு குத்திய நகலைக் கம்பி வழியாகக் கொடுத்தேன். திலகா வந்து வாங்கி நின்றபடியே இரண்டு தடவை படித்தது. உன்னைவிட ரொம்பச் சின்னப் பிள்ளை அம்மா, கண்ணெல்லாம் உள்ளே போய்க் கிடந்தது. மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை. படித்து முடித்துவிட்டு, மறுபடி அனுப்புங்கள் என்று தான் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டது. இரண்டாம் பக்கத்தில் நடுவில் இருக்கிறது பார் என்றேன். அந்த வரியை அதன் அம்மாவிடம் காட்டிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டது. "எங்கம்மாவே நம்பல அங்கிள்" என்றது. அதற்கப்புறம் அந்த அம்மா கேட்டைத் திறந்து உள்ளே வந்து தண்ணீர் குடிக்கச் சொன்னார். நான் உள்ளே போகவில்லை. மழை வருகிறது என்று சாக்குச் சொல்லிவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவ்வளவுதான் செய்தி. அம்மா என்னோடு பேசுகிறாள், சோறு போடுகிறாள், ஆனால் கூட உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. நீ அவளுக்கு அடிக்கடி போன் செய், என்னைப் பற்றிக் கேட்காமல் அவளைப் பற்றிக் கேள். மாப்பிள்ளைக்கு இருமல் என்றாயே, வெந்நீரில் மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப் போட்டுக் கொடு, அந்த ஊர் டாக்டர் மாத்திரையை மட்டும் நம்பிக்கொண்டிருக்காதே. வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டை விடாதே. பழைய கம்ப்யூட்டரை நான் தூக்கிப் போடவில்லை, நோட்டீஸ் அடிக்க மட்டும் வைத்திருக்கிறேன், வயரைத் திரும்பச் சொருகவில்லை, சொருகவும் மாட்டேன். மாரியாத்தாள் உன் கண்ணுக்கும் கைக்கும் துணையாக இருப்பாள். நீயும் உன் வீடும் குறைவில்லாமல் இருக்க அப்பாவும் அம்மாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம்.

மறக்காமல் ஒன்று செய். அந்த பிரௌசரைத் தைத்துக் கொடுக்கிற ஆட்களுக்கு, இன்ன இடத்தில் கிழிந்திருக்கிறது என்று எழுதிப் போட ஓர் இடம் இருக்குமே, அதில் எழுது. எந்தப் பக்கம், எந்தப் பொத்தானுக்குக் கீழே எது தெரியவில்லை என்று அவர்களுக்கு விளங்குகிற மாதிரி விவரமாக எழுது, வேறு யாராவது ஒரு பழைய மெஷினில் உட்கார்ந்து பாரம் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆள் செத்துப்போனதை எழுதாதே. அது பொத்தானால் நடந்தது இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. சிவசாமி